தொண்ணூற்றொன்பதின்மர்: பெண் விமானிகள் சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தச் சங்கம்?

அமெரிக்காவில் 1929இல் பிறந்த ‘நைன்டி நைன்ஸ்’. அழகான தமிழில் சொல்வதானால், தொண்ணூற்றொன்பதின்மர். விமானம் ஓட்ட உரிமம் பெற்ற பெண்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு இது. ஊருக்கு ஊர் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகள்தான் இதன் உயிர் என்பது என் எண்ணம். தலைமையகத்தைப் பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் பெயின்ட் வாளியோடு ஓடுபாதைக்குப் போகும் கிளை உறுப்பினர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அவர்களையும் மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

பெண்களுக்கென்று தனிச் சங்கம் எதற்கு? விமானம் ஆண் பெண் பார்க்காதே?

விமானம் பார்க்காது. விமானத்தை வைத்திருந்தவர்கள் பார்த்தார்கள். 1929இல் உரிமம் வைத்திருந்த அமெரிக்கப் பெண்கள் 117 பேர். நாடோ ஒரு கண்டத்தின் அகலம். ஒரு மாநிலத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்த பெண்ணுக்கு, ஆயிரம் மைல் தள்ளி இன்னொருத்தி பறக்கிறாள் என்பதே தெரியாது.

வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. விமானம் விற்கும் நிறுவனங்கள் மட்டும் பெண்களை ஆர்வத்தோடு அமர்த்தின. அதற்கும் ஒரு கணக்கு இருந்தது: ஒரு பெண்ணே ஓட்டுகிறாள் என்றால் இது அவ்வளவு எளிது, வாங்க வந்த ஆணுக்கு என்ன பயம் என்று காட்டலாம். திறமைக்காக வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும், திறமை தேவையில்லை என்று சொன்ன மாதிரியும் இருக்கும். லூயிஸ் தேடன், ஃபே கில்லிஸ் போன்றவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். வந்த பிறகு தங்கள் திறமையை எல்லோரும் ஒப்புக்கொள்ளச் செய்தார்கள்.

எல்லாம் ஒரு பந்தயத்தில் தொடங்கியது என்கிறார்களே?

ஆம், 1929 ஆகஸ்ட் 18ஆம் தேதி கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் தொடங்கி, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் 26ஆம் தேதி முடிந்த பெண்கள் விமானப் பந்தயம். தூரம் 2,700 மைலுக்கு மேல். போட்டியிட்டவர்கள் 20 பேர். தனியாக 100 மணி நேரம் பறந்திருந்தால்தான் இடம்.

பந்தயத்துக்கு முன்பே ஒரு சண்டை நடந்தது. ஒவ்வொரு பெண்ணோடும் ஓர் ஆண் மெக்கானிக் உடன் பறக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அக்கறை போலத் தெரியும். ஆனால் அப்படிப் பறந்திருந்தால், வென்ற பிறகு உண்மையில் ஓட்டியது யார் என்ற கேள்வி காலமெல்லாம் துரத்தியிருக்கும். அன்றே புகழ்பெற்றிருந்த விமானி அமேலியா ஏர்ஹார்ட் உள்ளிட்டோர் அப்படியானால் கலந்துகொள்ள மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள். யோசனை கைவிடப்பட்டது.

பிறகு நடந்தவற்றைப் படிக்கும்போது இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. லூயிஸ் தேடனின் விமானத்தில் எஞ்சின் புகை காக்பிட்டுக்குள் கசிந்தது. பந்தயத்துக்காகக் கலிஃபோர்னியாவுக்கு வரும் வழியிலேயே அவர் கார்பன் மோனாக்சைடால் மயங்கும் நிலைக்குப் போனார். வெளிக்காற்றை முகத்தருகே கொண்டுவர ஒரு குழாயைப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்தக் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டே பந்தயம் முழுவதும் பறந்து, கனரக விமானப் பிரிவில் முதலிடம் பெற்றார்.

பிளான்ச் நாய்ஸ் பறந்துகொண்டிருக்கும்போதே, இருக்கைக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் தீப்பற்றியது. டெக்சாஸில் முட்புதர்கள் நிறைந்த வெளியில் இறங்கி, மணலை அள்ளிப் போட்டு அணைத்தார். இறங்கியதில் சக்கரப் பகுதி சேதமடைந்திருந்தது. அந்த நிலையிலேயே மறுபடி கிளம்பினார். நான்காவதாக வந்தார்.

எல்லோரும் வந்து சேரவில்லை. இரண்டாம் நாள் அரிசோனாவில் மார்வெல் கிராசனின் விமானம் விழுந்து அவர் இறந்தார். உடனே பந்தயத்தை நிறுத்து என்ற கூக்குரல் எழுந்தது. பெண்களால் பறக்க முடியாது என்று நிரூபணமாகிவிட்டதாக ஓர் எண்ணெய்த் தொழிலதிபர் அறிக்கையே விட்டார். அந்தக் காலத்தில் ஆண்கள் விமானப் பந்தயங்களில் அடிக்கடி இறந்தார்கள். அதை வைத்து ஆண்களால் பறக்க முடியாது என்று எவரும் சொன்னதில்லை. மற்ற பெண்கள் பந்தயத்தைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். 15 பேர் கிளீவ்லாந்தில் வந்து இறங்கினார்கள்.

அங்கே பார்வையாளர் மாடத்துக்கு அடியில் சில பெண்கள் ஒதுங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் ஒருவரை ஒருவர் அறிந்தாகிவிட்டது. இனி அவரவர் ஊருக்குப் போய் மறுபடி தனியாவதா? சங்கத்தின் விதை அந்தப் பேச்சில் இருக்கிறது.

‘பவுடர் பஃப்’ பந்தயம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் வைத்தது. முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சைத்தான் அப்படிச் சொல்வார்கள். புகையிலும் தீயிலும் பறந்தவர்களுக்கு இந்தப் பெயர். பின்னாளில் பெண்களே அதை எடுத்துத் தங்கள் பந்தயத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

சங்கம் எப்படி, எங்கே கூடியது?

கடிதத்தால் கூடியது. 1929 அக்டோபர் 9 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் நான்கு பேர் கையெழுத்து இருந்தது: ஃபே கில்லிஸ், மார்ஜரி பிரவுன், ஃபிரான்சஸ் ஹாரல், நீவா பாரிஸ். உரிமம் பெற்ற 117 பெண்களுக்கும் அது போனது. அடையாளம் தெரியாத பெண்களின் முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றாக அனுப்பிய அந்த உழைப்பை நினைத்துப் பாருங்கள். கையெழுத்திட்ட ஃபே கில்லிஸ், செப்டம்பர் 1ஆம் தேதிதான் நடுவானில் சிதறிய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்திருந்தார். ஆறு வாரம்கூட ஆகவில்லை!

கடிதம் போனதற்கும் கூட்டம் நடந்ததற்கும் நடுவே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை பேரிடி. நவம்பர் 2, சனிக்கிழமை கூட்டம். உலகமே பணத்தை இழந்து நின்ற வாரத்தில், வேலை வாய்ப்புக்கும் நட்புக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று பெண்கள் கூடினார்கள்.

இடம் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரிலிருந்த கர்டிஸ் விமானத் தளம். வந்தவர்கள் 26 பேர். வானிலை மோசமாக இருந்ததால் பெரும்பாலோர் ரயிலிலும் காரிலும் வந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது. வீரம் காட்ட வந்த கூட்டமாக இருந்திருந்தால் அந்த வானிலையிலும் பறந்து வந்திருப்பார்கள். வானம் சரியில்லை என்றால் பறக்காமல் இருக்கத் தெரிந்தவரே நல்ல விமானி.

கூட்டம் விமானக் கொட்டகைக்குள் நடந்தது. பக்கத்தில் ஓர் எஞ்சின் முழங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்கள். கருவிகளை வைத்துத் தள்ளும் வண்டியில் வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஸ்பானரும் திருப்புளியும் கிடந்த தட்டில் கோப்பைகள். அந்த ஆண்டு நடந்த விபத்தில் காயமடைந்து தேறிவந்த வயோலா ஜென்ட்ரிக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். உறுப்பினராக ஒரே தகுதிதான் வைத்தார்கள்: விமானி உரிமம் பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும். நட்பு, வேலை வாய்ப்பு, பெண் விமானிகளைப் பற்றிய பதிவுகளைக் காக்கும் ஒரு மைய அலுவலகம் ஆகியவற்றை நோக்கங்களாகக் கொண்டார்கள்.

பெயருக்கு என்ன கதை?

முதலில் வந்த யோசனைகள் வேடிக்கையானவை. படரும் கொடிகள், வீடு திரும்பும் புறாக்கள், மாட்டு ஈக்கள், இரைச்சல் போடும் பறவைப் பெண்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். முடிவில் அமேலியா ஏர்ஹார்ட்டும் ஜீன் டேவிஸ் ஹாய்ட்டும் சொன்னது நின்றது: முதல் உறுப்பினர்கள் எத்தனை பேரோ, அந்த எண்ணே பெயர். அது முதலில் 86, பிறகு 97, கடைசியில் 99.

இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்காது. கொடி, புறா என்று வைத்திருந்தால் அது அலங்காரமாகப் போயிருக்கும். எண் என்றால் ஆளுக்கொரு இடம் உறுதி. ஒருத்தி குறைந்தாலும் பெயரே மாறியிருக்கும்.

அமேலியா ஏர்ஹார்ட் தானே நிறுவனர்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏர்ஹார்ட் முதல் உறுப்பினர்களில் ஒருவர். 1931இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர். அவர் புகழ் சங்கத்துக்குக் கதவுகளைத் திறந்தது. அதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அழைப்புக் கடிதத்தில் அவர் கையெழுத்து இல்லை. 1929 நவம்பருக்கும் 1931க்கும் நடுவே தலைவரே இல்லாமல் சங்கம் எப்படிப் பிழைத்தது என்று எவரும் கேட்பதில்லை.

தலைவர் தேர்தலை ஒருங்கிணைக்கும் பொறுப்பு நீவா பாரிஸிடம் இருந்தது. 1930 ஜனவரியில் மயாமியில் நடக்கவிருந்த விமானப் பந்தயத்துக்குப் போகும் வழியில், ஜார்ஜியா மாநிலத்தில் விமானம் விழுந்து அவர் இறந்தார். தேர்தல் நின்றுபோனது. புதிதாகப் பிறந்த பல சங்கங்கள் இப்படிப்பட்ட அடியில் கலைந்துவிடும். செயலாளராக இருந்து அதைக் கலையாமல் காத்தவர் லூயிஸ் தேடன், காற்றுக் குழாயில் மூச்சு வாங்கிப் பறந்த அதே தேடன். கடிதம் எழுதுவது, பட்டியலைச் சரிபார்ப்பது, பதில் போடாதவருக்கு மறுபடி எழுதுவது எல்லாம் புகைப்படத்தில் வராத வேலை. சங்கத்தை நிலைநிறுத்தியது அந்த வேலைதான். நீவா பாரிஸின் பெயரை ஏர்ஹார்ட்டின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லப் பழக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கூரைகளில் ஊர்ப் பெயர் எழுதியது இவர்கள்தானா?

ஆம். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1930களில் சிறு விமானங்களில் பறந்தவர்களுக்கு வழி காட்டும் கருவிகள் குறைவு. ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். வழி தவறினால் கீழே தெரிவது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கத் தாழப் பறந்து ரயில் நிலையப் பலகையைப் படிக்கப் பார்ப்பார்கள். அதில் எத்தனையோ உயிர்கள் போயின.

1929 பந்தயத்தில் இலகு விமானப் பிரிவில் வென்ற ஃபீபி ஓம்லி அப்போது அரசுப் பணியில் இருந்தார். நாடெங்கும் 15 மைலுக்கு ஒன்றாக, கிடங்குகளின் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எழுத்துகள் 4,000 அடி உயரத்திலிருந்து படிக்கத்தக்க அளவு பெரியவை. வடக்கு எந்தப் பக்கம், அருகிலிருக்கும் விமானத் தளம் எந்தப் பக்கம் என்றும் குறித்தார்கள். களப்பணிக்குப் பெண் விமானிகளையே அமர்த்தினார். லூயிஸ் தேடன், ஹெலன் ரிச்சி, நான்சி ஹார்க்னஸ், பிளான்ச் நாய்ஸ் ஆகியோர் ஊர் ஊராகப் பறந்து, நகராட்சிகளிடம் பேசி, கூரை கேட்டு வாங்கினார்கள்.

பிளான்ச் நாய்ஸின் கணவரும் விமானி. 1935 டிசம்பரில் விபத்தில் இறந்தார். மறு ஆண்டு நாய்ஸ் இந்தப் பணியில் சேர்ந்தார். வானம் தன் கணவரைக் கொண்டுபோன பிறகு, பறக்கும் மற்றவர்கள் வழி தவறாமல் வீடு சேரக் கூரை கூரையாக எழுத வைத்தார். பல ஆண்டுகள் அந்த வேலையை விடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்று கடலோரத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கறுப்புப் பூசி மறைக்க வேண்டியிருந்தது. எழுத வைத்த அவரே அழிக்கவும் பொறுப்பேற்றார். போர் முடிந்ததும் மறுபடி எழுதத் தொடங்கினார்.

போரில் இவர்களின் பங்கு?

அன்று சங்கத்தின் தலைவராக இருந்த ஜாக்குலின் காக்ரனும், கூரை எழுதிய நான்சி ஹார்க்னஸ் லவ்வும் தனித்தனியே முன்வைத்த திட்டங்கள் 1943இல் இணைந்து ‘வாஸ்ப்’ என்ற பெண் விமானிகள் படைப்பிரிவானது. 25,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள், பழுது பார்த்தவற்றைச் சோதித்தார்கள், பீரங்கிப் பயிற்சிக்காக இலக்குத் துணியை இழுத்துக்கொண்டு பறந்தார்கள். கீழிருந்து சுட்டது உண்மையான குண்டுகளால்.

38 பேர் இறந்தார்கள். சட்டப்படி அவர்கள் ராணுவத்தினர் இல்லை என்பதால் உடலை ஊருக்கு அனுப்பக்கூடத் தோழிகள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. 1944 டிசம்பரில் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். முன்னாள் படையினர் என்ற தகுதியைக் கொடுக்க 1977 வரை ஆயிற்று.

எல்லாப் பெண்களுக்கும் கதவு திறந்திருந்ததா?

காகிதத்தில் உரிமம் ஒன்றே தகுதி. ஆனால் உரிமம் வாங்கும் பாதையே சிலருக்கு மூடியிருந்தது. கறுப்பினப் பெண்ணான பெஸ்ஸி கோல்மனை எந்த அமெரிக்கப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்ஸுக்குப் போய், 1921இல் உரிமம் பெற்றார். 1926இல் இறந்தார். சங்கம் பிறந்ததை அவர் பார்க்கவில்லை. போரின்போதும் உரிமம் வைத்திருந்த ஜேனட் பிராக் போன்ற கறுப்பினப் பெண்களை ‘வாஸ்ப்’ ஏற்கவில்லை. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஹேஸல் யிங் லீ அதில் பறந்தார், 1944 நவம்பரில் பணியில் இறந்தார். ஒதுக்கப்பட்டவர்கள் கூடிய சங்கத்தின் கதையில் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். விட்டுவிட்டுச் சொன்னால் அந்தப் பெண்களுக்கு மறுபடி ஒருமுறை அநீதி செய்தவர்களாவோம்.

பயணிகள் விமானத்தில் விமானி இருக்கையில் பெண்கள் எப்போது அமர்ந்தார்கள்?

ஹெலன் ரிச்சி 1934 டிசம்பரில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தார். ஆண்களின் விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராக்க மறுத்தது. மோசமான வானிலையில் அவர் பறக்கக் கூடாது என்றும் நெருக்கடி வந்தது. பறக்கவிடாமல் விளம்பரத்துக்கு மட்டும் வைத்திருந்த அந்த வேலையை மறு ஆண்டே விட்டார். அடுத்துப் பெரிய நிறுவனமொன்றில் நிரந்தரமாக ஒரு பெண் சேர்ந்தது 1973இல், எமிலி ஹவல் வார்னர். இடையில் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள்.

போருக்குப் பின் பந்தயம் தொடர்ந்ததா?

1947இல் தொடங்கி 1977 வரை நடந்தது. முதல் ஆண்டு பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு விமானம். கரோலின் வெஸ்ட், பியாட்ரிஸ் மெடஸ் என்ற இருவர் ஓட்டினார்கள். ஒற்றை விமானத்தோடு ஒரு பந்தயம்! அதையும் பந்தயம் என்றே எண்ணி, அடுத்த ஆண்டும் நடத்தினார்கள். பிறகு அது வளர்ந்தது. பெரிய எஞ்சின் வைத்திருப்பவர் எளிதில் வென்றுவிடாதபடி, ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் வகைக்கேற்ற அடிப்படை வேகம் குறித்துவிடுவார்கள். அதைவிட எவ்வளவு கூடுதலாகப் பறந்தார்கள் என்பதுதான் கணக்கு. காற்று எந்த உயரத்தில் சாதகம் என்று அறிந்தவர் வெல்வார். இன்று ‘ஏர் ரேஸ் கிளாசிக்’ என்ற பெயரில் அந்த மரபு தொடர்கிறது.

ஓர் ஊர்க் கிளை உண்மையில் என்ன செய்யும்?

மாதக் கூட்டம், பாதுகாப்பு வகுப்பு, பள்ளிச் சிறுமிகளுக்கு விமானம் காட்டுவது, உதவித்தொகைக்கு நிதி திரட்டுவது. ஒரு காலத்தில் ஆளை எடைபோட்டு, பவுண்டுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். அருகில் உட்கார்ந்து பயணிப்பவருக்கு, விமானிக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பும் உண்டு. அமேலியா ஏர்ஹார்ட் 1937இல் பசிபிக் பெருங்கடலில் மறைந்தபின் அவர் பெயரில் தொடங்கிய உதவித்தொகை, இன்றும் பெண்களை அடுத்த கட்ட உரிமத்துக்குப் படிக்க வைக்கிறது.

ஆனால் கிளையின் கைவேலை என்றால் அது திசைவட்டம்தான். சிறு விமானத்தின் காந்தத் திசைகாட்டியை, அதே விமானத்தின் இரும்பும் மின்கம்பிகளும் சற்றே ஏமாற்றும். எவ்வளவு ஏமாற்றுகிறது என்று அறிய, தரையில் வரைந்த பெரிய வட்டத்தின் மேல் விமானத்தை நிறுத்தி, ஒவ்வொரு திசைக்கும் திருப்பி, முள் காட்டுவதையும் கோடு காட்டுவதையும் ஒப்பிட வேண்டும். வேறுபாட்டைச் சிறு அட்டையில் எழுதிக் காக்பிட்டில் செருகி வைப்பார்கள்.

அந்த வட்டத்தை வரைவது கிளை உறுப்பினர்கள். இரும்பில்லாத இடமாகத் தேர்ந்து, காந்த வடக்கை அளந்து குறித்த பின், நடுவில் ஒருவர் கயிற்றின் நுனியை அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் சாக்கட்டியோடு இன்னொருவர் சுற்றி வருவார். பிறகு ஒட்டுநாடா, அதன்பின் முழங்காலிட்டு உருளையால் பெயின்ட். கோடு ஒரு விரல் சாய்ந்தால் பறப்பவரின் கணக்குச் சாயும், அதனால் அவசரம் கூடாது. காந்த வடக்கு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவதால், சில காலம் கழித்து மறுபடி வரைய வேண்டும். அன்று கூரையில் எழுதியவர்களின் வேலையே இன்று தரைக்கு இறங்கியிருக்கிறது.

இந்தியாவில் கிளை உண்டா?

உண்டு. இந்தியப் பெண்கள் வானுக்குப் போன கதை தனியே நீண்டது. 1936இல் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். 1960களில் இந்தியப் பெண் விமானிகள் சங்கம் உருவானது. 1970களில் சந்தா புதபட்டியின் முயற்சியால் தொண்ணூற்றொன்பதின்மரின் இந்தியப் பிரிவும் தொடங்கியது.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓக்லஹோமா சிட்டி விமான நிலையத்தில் தலைமையகமும் பெண் விமானிகள் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கான்சஸ் மாநிலத்தின் அட்சிசனில், மிசௌரி ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டில், ஏர்ஹார்ட் 1897இல் பிறந்த தாத்தா வீடு இருக்கிறது. அதையும் சங்கமே வாங்கிப் பராமரிக்கிறது.

நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன். சேரலாமா?

சேரலாம். பயிற்சி விமானிகளையும் மாணவ உறுப்பினராக ஏற்கிறார்கள். முதல் தனிப்பறப்புக்கு முந்தைய இரவு தூக்கம் வராதபோது யாரிடம் பேசுவது என்று தேட வேண்டாம். கிளையில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த இரவைக் கடந்தவர்தான்.